கொட்டை எழுத்தின் கதை



கடைக்குப் போகிறோம். பால் டின், சவர்க்காரம், மசாலைத்தூள் பொட்டலம், எதை எடுத்தாலும் அதன் பெயர் கொட்டை எழுத்தில் நம்மைக் கூப்பிடுகிறது. இந்தத் தடித்த எழுத்துகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் பாருங்கள். எழுத்துகளின் முனையில் சிறு வால் போன்ற கோடுகள் இருக்கும். ஜெர்மனியிலோ வளைவும் நெளிவும் மிகுந்த பழைய எழுத்தே பெரிதும் வழங்கி வந்தது. அந்த நாட்டில் பால் ரென்னர் என்பவர், வாலையும் நெளிவையும் நீக்கி, வட்டம், முக்கோணம், சதுரம் ஆகிய வடிவங்களைக் கொண்டே எழுத்துகளை வரைந்தார். 'ஓ' வட்டம், 'ஏ' முக்கோணம். பிராங்பர்ட் நகரின் பாவர் வார்ப்பகம் 1927-இல் இதை ஈய அச்சாக வெளியிட்டது. பெயர் ஃபியூச்சுரா. மெல்லியதும் தடித்ததுமாகப் பல வகைகள் வந்தன. தடித்த வகை தலைப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் பெரிதும் பயன்பட்டது.

காம்பஸும் அடிக்கோலும் இருந்தால் யாரும் இதை வரைந்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நம் கண் நம்மை ஏமாற்றும். ஒரே பருமனில் ஒரு நெடுங்கோடும் ஒரு கிடைக்கோடும் போடுங்கள். கிடைக்கோடுதான் தடித்துத் தெரியும். வட்டத்தைப் பக்கத்து எழுத்தின் உயரத்திலேயே வரைந்தால் சற்றுச் சிறியதாகத் தெரியும். ஆகவே ரென்னர் கிடைக்கோட்டை ஒரு துளி மெலிய வைத்தார். வட்டத்தை ஒரு துளி பெரிதாக்கினார். தோட்டத்துத் திருவிழாவுக்குப் பலகை எழுதும் தம்பிமார்களே, தமிழ் 'ட' எழுதும்போது இதைச் சோதித்துப் பாருங்கள். உண்மை விளங்கும்.

ரென்னர் நேர்மையான மனிதர். நாஜிகளின் கலைக் கொள்கையைக் கண்டித்து 1932-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மறு ஆண்டு அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் கைது செய்யப்பட்டார். அச்சுக்கலைப் பள்ளியில் வகித்த பதவியையும் இழந்தார். ஆனால் அவர் படைத்த எழுத்து உலகம் சுற்றியது. 1969-இல் சந்திரனில் இறங்கிய அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் அங்கே விட்டுவந்த உலோகத் தகட்டில் இருப்பதும் ஃபியூச்சுரா எழுத்தே.

நேயர்களே, கொட்டை எழுத்தின் வேலை கூப்பிடுவது. எட்ட இருப்பவர் கண்ணிலும் பட வேண்டும். அதற்காகவே அது பிறந்தது. ஆனால் விவரத்தை அது சொல்லாது. எடை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், மருந்தை எத்தனை வேளை சாப்பிட வேண்டும், இவையெல்லாம் பெரும்பாலும் பொடி எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். புல்லுக்கு அடிக்கும் மருந்து டின்னிலும் அப்படித்தான். பெயர் பளிச்சென்று தெரியும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்ற எச்சரிக்கையைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இன்று மாலை வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு, அலமாரியில் உள்ள ஒரு டின்னைக் கொடுங்கள். பெரிய எழுத்தை அது உடனே வாசித்துவிடும். சிறிய எழுத்தையும் கடைசி வரி வரை வாசிக்கச் சொல்லி, அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடுமுன், சொல்லும் விவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.