நாமே எடுத்த பறை

(தாராவியில் நடந்த நம் சங்கப் பொதுக்குழுவில், பறைக்குழு பற்றிய தீர்மானத்தை ஆதரித்து ரயில்வே எழுத்தரான செயற்குழுத் தோழர் ஆற்றிய உரை.)

நம் சங்கத்தின் பறைக்குழுவை மீண்டும் தொடங்க வேண்டும், அதில் பெண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்ற தீர்மானம் இங்கே வந்திருக்கிறது. சில பெற்றோர் இதை எதிர்த்துக் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். “பறையடிக்கவா பிள்ளையை மும்பையில் படிக்க வைக்கிறோம்?” என்று கேட்கிறார்கள். அவர்கள்மீது எங்களுக்குக் கோபம் இல்லை. எங்கள் வீட்டிலும் எழுந்த கேள்விதான் அது.

1990 முதல் சில ஆண்டுகள் இந்தத் தெருக்களில் பறை கட்டி நடந்த பதினான்கு பையன்களின் சார்பில் பேசுகிறோம். எங்களில் ஒருவர் இன்று இட்லி வியாபாரம் செய்கிறார், ஒருவர் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் ரயில்வேயில் குமாஸ்தா. பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் எவரும் இல்லை. ஆனாலும் எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தராத சிலவற்றை அந்தப் பறை எங்களுக்குச் சொல்லித் தந்தது.

முதலில் அவமானத்தைப் பேசிவிடுவோம். நம்மில் பலருடைய பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கே தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு வேலை தேடி வந்தவர்கள். ஊரில் மேல்சாதி வீட்டில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். ‘வந்து அடி’ என்பது உத்தரவு. மறுத்தால் வயலில் வேலை இல்லை, நடக்க வழி இல்லை. ஆகவேதான் பறை அடிக்க மறுப்பதே ஒரு போராட்டமாயிற்று. தென்னார்க்காட்டில் தோழர் இளையபெருமாள் அந்தப் போராட்டத்துக்காகப் பாடுபட்டார். தீண்டாமை பற்றி 1969-ல் மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்த குழுவின் தலைவரும் அவரே. ஒரு தோற்கருவியின் பெயர் ஒரு சாதியின் பெயராகி, அந்தப் பெயர் ஆங்கில அகராதியில் ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இத்தனையும் தாங்கியவர்கள் பறையைக் கண்டு முகம் சுளித்தால் அதில் தவறென்ன?

எங்கள் தகப்பனார் தோல் கொட்டகையில் வேலை பார்த்தவர். அது மூடிய பிறகு மூட்டை தூக்கினார். நாங்கள் முதல்முறை பறையை வீட்டுக்குக் கொண்டுவந்த இரவு, “இதுக்காலே ஊரை விட்டு வந்தோம்?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் தெருவிலேயே மூத்த ஒரு கிழவர். பாட்டையா என்று கூப்பிடுவோம். மறுநாள் அவர் வீட்டுக்கு வந்து தகப்பனாரிடம் சொன்னார்: “அங்க அவன் கூப்பிட்டான், நாம போய் அடிச்சோம். இங்க நாம அடிக்கோம், ஊரைக் கூப்பிடுதோம். ரெண்டும் ஒண்ணாப்பா?” தகப்பனார் பதில் சொல்லவில்லை. ஆனால் 1991 ஏப்ரல் 14-ல், அண்ணல் அம்பேத்கர் பிறந்த நூறாவது ஆண்டு நிறைவு ஊர்வலத்தில் நாங்கள் நடந்தபோது, குழாயடி முனையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

பயிற்சி எளிதல்ல. வேப்பமரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல் மழைக்காலத்தில் தொய்ந்துவிடும். வைக்கோலையும் பழைய காகிதத்தையும் கொளுத்தி அனலில் காட்டினால்தான் குரல் வரும். இடக்கையில் நீளமான மெல்லிய குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. நின்று அடிப்பதை ஒரு மாதத்தில் கற்றோம். நடந்து அடிக்க ஆறு மாதமாயிற்று. முன்வரிசைக்காரன் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவான், பின்வரிசைக்காரன் தாளத்தை விட்டுவிடுவான். அப்போது பாட்டையா கத்துவார்: “ஏலே, ஒன் கையைக் கேக்காதே! பக்கத்துல வாரவன் காலைக் கேளு!” நன்றாக அடிக்கிறவனுக்குத்தான் அதிகம் திட்டு விழும். அவன்தான் மற்றவர்களை விட்டுவிட்டு ஓடுகிறவன்.

1992 டிசம்பர் 6-ல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்த டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தது. இறந்தவர்கள் 900 பேர் என்று ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. தாராவியும் தப்பவில்லை. எங்கள் பதினான்கு பேரில் மூவர் முஸ்லிம் வீட்டுப் பையன்கள், அவர்களும் நம் நெல்லைக்காரர்கள்தாம். ஊரடங்கு தளர்ந்ததும் பெரியவர்கள் அமைதி ஊர்வலம் போக முடிவு செய்தார்கள். யாரும் கதவைத் திறக்கவில்லை. பாட்டையா கூப்பிட்டதும் பதினோரு பேர் வந்தோம். “மத்த மூணு பேரு இல்லாம பறை கிளம்பாது” என்றார்.

அவர்கள் சந்துக்குப் போனோம். எங்களுக்கும் பயம், அவர்களுக்கும் பயம். பேச்சு எதுவும் வைக்காமல், முதல் நாள் கற்ற சாதாரண அடியை மெதுவாக அடித்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் கழித்து ஒரு கதவு திறந்தது. ஒரு தாய் வெளியே வந்து, “பிள்ளையை அனுப்புதேன். அனுப்பினபடியே திருப்பிக் கொண்டாந்து விடுங்க” என்றார். அடுத்து இன்னொரு வீடு திறந்தது. மூன்றாவது வீட்டில் பூட்டுத் தொங்கியது. குடும்பமே ஊருக்குப் போய்விட்டது, பிறகு திரும்பவில்லை. வரிசையில் அவன் இடத்தைக் காலியாக விட்டுப் பதின்மூன்று பேர் நடந்தோம். தெரு தெருவாகக் கதவுகள் திறந்தன. மாலையில் இரண்டு பிள்ளைகளையும் அவரவர் தாயிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் எங்கள் வீடுகளுக்குப் போனோம்.

தோழர்களே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நடை எங்கள் உடம்பை விட்டுப் போகவில்லை. இன்று ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் திரட்டினால் எங்கள் கண் முதல் வரிசைக்குப் போவதில்லை, கடைசி வரிசையைத் தேடுகிறது. யார் வரவில்லை, ஏன் வரவில்லை, யார் வீட்டுக் கதவு மூடியிருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. மேடையில் பத்துப் பேர் முன்னால் ஓடிவிட்டால் அது ஊர்வலம் ஆகாது என்று தெரிகிறது. சங்க வேலை என்று நாங்கள் செய்வதெல்லாம் அன்று கற்ற அதே பாடம்தான். தீமையையும் மறைக்கவில்லை: எங்களில் இருவருக்கு இன்று காது மந்தம். புதிய பிள்ளைகள் காதுக்குத் தகுந்த பாதுகாப்போடுதான் பயிற்சி செய்ய வேண்டும்.

‘பறை’ என்றால் சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் பேசுவதைப் ‘பறயுக’ என்கிறார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் பறையைச் சேர்த்திருக்கிறது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆண்டுக்கணக்காக ஆடி வருகிறார்கள். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருது வந்ததால் பறை உயர்ந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அடிப்பதும் அடிக்காமல் இருப்பதும் நம் விருப்பம் என்று ஆனபோதே அது உயர்ந்துவிட்டது.

நமக்கு இன்று சொல்ல வேண்டிய சேதியும் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்புக்காக 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்குச் சான்று உள்ளவருக்குத்தான் தாராவியிலேயே இலவச வீடு என்பது விதி. காகிதங்களைத் தேடி வையுங்கள் என்று செல்போனில் செய்தி அனுப்பினோம். கூட்டத்துக்கு வந்தவர்கள் நாற்பது பேர். மாடியில் குடியிருப்பவர்களும் தனியாக வாழும் கிழவிகளும் அந்தச் செய்தியைப் பார்க்கவே இல்லை. பறை அடித்திருந்தால் அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்.

ஆகவே, சில நிபந்தனைகளோடு இந்தத் தீர்மானத்தை ஆதரிக்கிறோம். எந்தச் சாதியின் உத்தரவுக்கும் கூலிக்கும் இந்தக் குழு சாவு வீட்டு வாசலில் நிற்காது. குடித்துவிட்டு வருகிறவன் எவ்வளவு நன்றாக அடித்தாலும் அவனுக்கு இடமில்லை. பள்ளி நேரத்தில் பயிற்சி கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே வரிசை. தம் பிள்ளையை அனுப்ப மனமில்லாத பெற்றோரை யாரும் குறை சொல்லக் கூடாது. வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் நமக்கும் ஊர்ப் பண்ணையாருக்கும் என்ன வேறுபாடு?

கையெழுத்திட்ட பெற்றோர்களை ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். முதல் ஊர்வலத்தன்று குழாயடி முனைவரைக்கும் வந்து நில்லுங்கள். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு வேண்டி அமர்கிறோம்.