இரும்பைத் தாங்கி நிற்பது எது?
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



உயர்தர வகுப்பில் ஏபர் முறையை நாம் எல்லோரும் மனனம் செய்தோம். நைதரசன், ஐதரசன், 450 பாகை வெப்பநிலை, 200 வளிமண்டல அமுக்கம், இரும்பு ஊக்கி. அப்படியே எழுதினோம், புள்ளியும் கிடைத்தது. வெறும் இரும்பு போதுமா என்று நம்மில் ஒருத்தியும் கேட்கவில்லை.

போதாது. தூய இரும்பு தொடக்கத்தில் வேலை செய்யும். ஆனால் அந்த வெப்பத்தில் அதன் நுண்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். வாயுக்கள் வந்து படியும் மேற்பரப்புக் குறையும், தாக்கமும் தளரும்.

1909 இல் ஜேர்மனியில் அல்வின் மிற்றாசு நல்ல ஊக்கியைத் தேடிக்கொண்டிருந்தபோது, சுவீடன் நாட்டு இரும்புத் தாது ஒன்று எதிர்பாராத விளைவைத் தந்தது. அதிலிருந்த மாசுகளே காரணம் என்று அவர் கண்டார். ஆயிரக்கணக்கான சோதனைகளின் பின், இரும்புடன் சிறிதளவு அலுமினியம் ஒட்சைட்டும் பொற்றாசியச் சேர்வையும் கலந்த ஊக்கி உருவாயிற்று. 1913 இல் ஒப்பாவு தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அந்த அலுமினியம் ஒட்சைட்டு அமோனியாவை ஆக்குவதில்லை. ஆக்கும் இரும்பு மணிகளை ஒட்டவிடாமல் பிரித்து வைத்திருக்கிறது.

பின்னர் இரும்பைவிட வீரியமான உருத்தேனியம் வந்தது. அது விலை மிக்கது. ஆகவே நுண்துகள்களாகக் காபனின் மேல் பரப்பினார்கள். 1992 இல் கனடாவின் கிற்றிமற்றில் அத்தகைய ஊக்கி தொழிற்சாலைக்கு வந்தது. அங்கேயும் தாங்கியிலேயே சிக்கல் இருந்தது. காபன் ஐதரசனுடன் சேர்ந்து மெதேனாக மாறித் தேயக்கூடியது. அதனால் காபனை முன்கூட்டியே உயர் வெப்பத்தில் காரீயம் போன்ற ஒழுங்கான அமைப்புக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

2012 இல் யப்பானில் ஒசோனோ குழுவினர் கல்சியமும் அலுமினியமும் சேர்ந்த ஒட்சைட்டு ஒன்றைத் தாங்கியாக்கினர். சீமெந்து வகைகளில் காணப்படும் பொருளே அது. அதன் கூடுபோன்ற இடைவெளிகளில் அடைத்த இலத்திரன்களை அது உருத்தேனியத்துக்கு வழங்குகிறது. நைதரசனின் மும்மைப் பிணைப்பு இலகுவாக உடைகிறது. தாங்குவதோடு நில்லாமல், கொடுக்கவும் செய்யும் தாங்கி!

இது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, யூரியா இல்லாத வயல் எப்படியிருக்கும் என்று நம் ஊர்கள் கண்டன. அந்த யூரியாவுக்கு அமோனியாவே மூலம். உலகம் அமோனியாவுக்காகப் பெருமளவு சக்தியைச் செலவிடுகிறது. குறைந்த வெப்பத்திலும் அமுக்கத்திலும் அதை ஆக்க முடியுமா என்பதற்கான விடையில் பாதி தாங்கியிடம் இருக்கிறது.

நமது ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கி வைத்தவரின் பெயரை எந்தச் செய்முறைக் கொப்பியிலும் நாம் எழுதவில்லை. அவரையும் இன்று நன்றியோடு நினைக்கின்றோம். இங்கே படிக்கும் தங்கைகளிடம் ஒன்று மட்டும் கேட்கின்றோம்: ஊக்கியின் பெயரை எழுதியதும் பேனையை வைத்துவிடாதீர்கள். அதைத் தாங்கி நிற்பது எது என்றும் கேளுங்கள்.