வார்டு வாரியாகக் கணக்கு சொல்லுங்கள்



மக்கள் நல்வாழ்வு என்று பேச்செடுத்தால் நம் நினைப்பு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறது. புதுக் கட்டடம் எப்போது வரும், ஸ்கேன் எடுக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஸ்டான்லி மருத்துவமனை இல்லாத வட சென்னையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் ஸ்டான்லியின் வாசலுக்கு வந்து சேரும் மூச்சுத்திணறல் எந்தத் தெருவில் புறப்பட்டது? அதை யாராவது கேட்கிறோமா?

நம் முன்னோர்கள் கேட்டார்கள். 1939-இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே அப்படியொரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அதை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். குடிநீர், கழிவுநீர், கொசு ஒழிப்பு, கட்டடச் சுகாதாரம், உணவு என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகும். நோய் உடம்புக்குள் நுழைவதற்கு முன் தெருவில்தான் குடியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. அந்தச் சட்டம் பிறந்த ஊரில் நின்றுகொண்டுதான் நான் வட சென்னையின் எண்ணூரைப் பற்றிப் பேசுகிறேன்.

எண்ணூர் முகத்துவாரத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், துறைமுகம், உரத் தொழிற்சாலை. சற்றுத் தள்ளி மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு. நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே கொசஸ்தலை ஆற்றைக் கடந்து செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். குழாய் உடைகிற போதெல்லாம் சாம்பல் ஆற்றில் கலக்கிறது. அந்த ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய் வந்து காட்டுக்குப்பத்துப் படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கண் எரிய, நெஞ்சு அடைக்க ஓடினார்கள். ஒரே மாதத்தில், ஒரே கரையில், இரண்டு முறை!

இவை செய்தியில் வந்த நாட்கள். செய்தியில் வராத நாட்களில் நடப்பதுதான் என்னை அதிகம் அச்சப்படுத்துகிறது. நிலக்கரியும் டீசலும் எரியும்போது கிளம்பும் நுண்துகள், தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. இருமினாலும் வெளியே வராது. நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய், அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. அதனால்தான் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காற்று ஒரு காரணமாகிறது. ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் இந்தத் துகள் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. எட்டு மடங்கு! ஆகவே "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று ஓர் அதிகாரி சொல்லும்போது யார் வகுத்த வரம்பு என்று கேளுங்கள்.

சென்னைக்குக் கடற்காற்று இருக்கிறது, டெல்லி மாதிரி ஆகாது என்பார்கள். நகரம் முழுவதற்குமான சராசரியைப் பார்த்தால் அது சரி. ஆனால் பகலில் கடற்காற்று நிலத்தை நோக்கித்தானே வீசும்? கரையோரப் புகைபோக்கியின் புகை எங்கே போகும்? அனல்மின் நிலையங்கள் கந்தகப் புகையைக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் விதி போட்டது. இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. அந்தக் கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டார்கள். மூச்சு விடுவதைத் தள்ளிப்போட முடியுமா, தாய்மார்களே?

தண்ணீருக்கு வருகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் பட்டதும் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். சென்னையில் மலேரியாவைப் பரப்பிய அனாபிலஸ் வகையும் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வதுதான். வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் என்கிறது மாநகராட்சி. சரி, அந்த வீட்டில் ஏன் டிரம்மும் குடமும் நிரம்பி நிற்கின்றன? குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. லாரி வரும்போது பிடித்து வைத்தால்தான் உண்டு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது நடுராத்திரியில் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களிடம் போய், தண்ணீரைச் சேமித்ததற்கு அபராதம் கேட்பதா? நாள்தோறும் குழாயில் தண்ணீர் வந்தால் பாதி டிரம் தானாகக் காலியாகிவிடும். குடிநீர் வாரியத்தின் வேலையும் கொசு ஒழிப்புதான் என்று நான் சொல்வேன்.

கொடுங்கையூர் குப்பைமேடு நம் உடல்நலத்தை என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெயில் என்ன செய்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அரசு அறிவித்தது, வரவேற்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இரவிலும் சூடு இறங்காமல் தூங்குகிறவர்களை அந்த அறிவிப்பு எப்படிக் காப்பாற்றும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது கணக்கு. காற்றின் அளவு ஓர் அலுவலகத்தில் இருக்கிறது, காய்ச்சல் கணக்கு இன்னொன்றில், இறப்புப் பதிவு மற்றொன்றில். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வார்டில் எவ்வளவு என்று மக்களுக்குச் சொல்லுங்கள். ஊர்ச் சராசரியைக் காட்டி எங்களை அனுப்பிவைக்காதீர்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண்கள் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அருமையான ஏற்பாடு. அவர்களே எண்ணூரிலும் மணலியிலும் கொடுங்கையூரிலும் வீட்டில் யாருக்கு மூச்சிரைப்பு, எந்தப் பிள்ளைக்கு விடாத இருமல் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், புதுத் திட்டம் எதுவும் இல்லாமலே ஓராண்டில் அந்தக் கணக்கு கையில் இருக்கும்.

இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கப் போகிறோம். கையெழுத்துக்குப் பக்கத்தில் தெருப் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரியட்டும்.