திருடன் வெளியேறும் வாசல்

அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்தவனை மேதை என்று சில மேடைகளில் கொண்டாடுகிறார்கள். படித்தவர்களே கொண்டாடுகிறார்கள், வயிறு எரிகிறது. ஊரார் பணத்தில் கை வைத்தவனுக்கு ஒரே பெயர்தான்: திருடன். திருடனுக்கு உள்ளே போவதைவிட, எடுத்ததோடு வெளியே போவதுதான் பெரிய பாடு. அந்த வெளிவாசலை அடைக்காமல், பாஸ்வேர்டை மாற்று, ஓடிபியைச் சொல்லாதே என்று நமக்கு மட்டும் புத்தி சொல்லிக்கொண்டிருந்தால் திருட்டு நிற்காது. இதைத்தான் சொல்ல வந்தேன்.

சாட்சி இருக்கிறதா என்பீர்கள். 2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. டாக்காவில் வங்கதேச மத்திய வங்கியில் ஒரு பிரிண்டர் ஓடவில்லை. பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் தகவல்களை அச்சடித்துத் தரும் பிரிண்டர் அது. வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள். அதை முடக்கியவர்கள் திருடர்கள். முந்தைய இரவே அந்த வங்கியின் பெயரில், அதன் பணம் இருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வுக்கு 35 திருட்டு உத்தரவுகளை அனுப்பியிருந்தார்கள். கேட்ட தொகை ஏறக்குறைய நூறு கோடி டாலர்! டாக்காவில் வெள்ளி, சனி விடுமுறை. நியூயார்க்கில் ஞாயிறு விடுமுறை. மணிலாவில் திங்கள்கிழமை சீனப் புத்தாண்டு. நாள் பார்த்துத்தான் கன்னம் வைத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம், பணம் போய் விழுந்த மணிலா கணக்குகள். அவை 2015 மே மாதமே, தலைக்கு 500 டாலர் போட்டுத் திறக்கப்பட்டவை. ஒன்பது மாதம் அசையாமல் கிடந்த கணக்குகளில் 8 கோடியே 10 லட்சம் டாலர் வந்து கொட்டியது. நிறுத்தச் சொல்லித் தகவல் போன பிறகும் பணத்தை எடுக்க விட்டார்கள். அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுக்குப் போனது. கறுப்புப் பணத் தடைச் சட்டம் அன்று பிலிப்பைன்ஸில் அந்த விடுதிகளைத் தொடவில்லை. 2017இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். திருடுவதற்கு முன்பே வாசலைக் கட்டி வைத்திருந்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதே இரவில் இலங்கைக்கு 2 கோடி டாலர் புறப்பட்டது. பெறுகிற அமைப்பின் பெயரில் ஃபவுண்டேஷன் என்ற சொல் ஃபான்டேஷன் என்று பிழையாக இருந்தது. நடுவில் இருந்த வங்கியில் அந்தப் பிழை கண்ணில் பட்டது. இது என்ன என்று ஒரு கேள்வி போனது. பணம் நின்றது, திரும்பியும் வந்தது. அந்த எழுத்தின் மேல் கண்ணை நிறுத்திய ஊழியரின் பெயர் நமக்குத் தெரியாது. அந்தப் பெயர் தெரியாத கண்ணுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்! மேதை என்று யாரையாவது கொண்டாட வேண்டுமானால் அவரைக் கொண்டாடுங்கள்.

இந்தத் திருட்டு வட கொரியாவின் ஆட்கள் செய்தது என்று அமெரிக்கா வழக்கே போட்டிருக்கிறது, அது அரசியல் அல்லவா என்று கேட்கலாம். இருக்கட்டும். பொருளாதாரத் தடையில் சிக்கிய அரசுக்கும் தேவைப்பட்டது டாலர்தான். அரசே அனுப்பிய ஆளானாலும் மணிலாவில் ஒரு வங்கிக் கிளையும் ஒரு சூதாட்ட மேசையும் இல்லாமல் அந்தப் பணம் கைக்கு வந்திருக்காது. இன்னொரு கேள்வியும் நியாயமானது: எல்லாவற்றையும் நிறுத்திச் சோதித்தால் நேர்மையானவர் பணமும் தாமதமாகாதா? மளிகைக் கடைக்கு அனுப்பும் இருநூறு ரூபாயை நிறுத்தச் சொல்லவில்லை. தூங்கிக் கிடந்த கணக்கில் திடீரென்று கோடிகள் விழும்போது ஒரு கேள்வி கேளுங்கள் என்கிறேன். மறுபடியும் அந்த ஊழியரிடமே வருகிறேன்: அவர் பக்கம் கேட்ட ஒரு கேள்வி 2 கோடி டாலரைக் காப்பாற்றியது, மணிலாவில் கேட்காத கேள்வி 8 கோடியைத் தின்றது.

இது எங்கோ நடந்த கதையும் இல்லை. 2018 பிப்ரவரியில் நம் கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கியிலிருந்து, இதே ஸ்விஃப்ட் வழியில், ஏறக்குறைய 20 லட்சம் டாலர் கிளம்பியது. அங்கேயும் பிரிண்டரை முடக்கியிருந்தார்கள். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் நியூயார்க்கில் தடுக்கப்பட்டுத் திரும்பியது. இன்று அந்த வெளிவாசல் நம் தெருவுக்கே வந்துவிட்டது. கமிஷன் தருகிறேன் என்று யாரோ சொன்னதற்காகப் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்துவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓய்வூதியக்காரர் ஒருவரின் சேமிப்பு அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடுகிறது. தாய்மார்களே, இன்று இரவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: நம் பேரில் இருக்கிற கணக்கு வாடகைக்குக் கிடையாது. பணம் போனது தெரிந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் வாசலைத் தாண்டுவதற்குள் கதவைச் சாத்த வேண்டும்.