ஈயக்குட்டையும் விரால் மீனும்



பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையோரம் ஒரு பெரிய ஈயக்கப்பல் நிற்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1938-இல் கட்டப்பட்டு, 1982 வரை ஈயம் வாரிய கப்பல் அது. அதன் எடை ஏறக்குறைய 4,500 டன். 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் தங்கியது. நாம் லம்பம் என்றும் ஈயக்குட்டை என்றும் சொல்வது இவற்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூண்டிலும் கையுமாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கே போகிறோம். நல்ல பொழுதுபோக்குத்தான், குழம்புக்கும் மீன் கிடைக்கும். ஆனால் தூண்டில் வீசுமுன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று மீனின் குணம். மற்றொன்று குட்டையின் குணம்.

முதலில் மீனைப் பார்ப்போம். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று சொல்லும் விராலும், அதன் பெரிய உறவான தோமானும் குட்டையில் வேட்டையாடி வாழும் மீன்கள். செவுளால் மட்டும் மூச்சுவிட்டு இவை உயிர் வாழ முடியாது. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். மேலே வர வழியில்லாமல் வலையில் சிக்கினால், மீனாக இருந்தும் மூச்சுத் திணறிச் செத்துவிடும்!

மழை குறைந்த மாதங்களில் தண்ணீர் சூடேறும். அதிலுள்ள பிராணவாயுவும் குறையும். அப்போதும் விரால் தாக்குப்பிடிப்பதற்கு இந்தக் காற்றுமூச்சே காரணம். உச்சி வெயிலில் அது ஆழத்திலோ தாமரை இலை நிழலிலோ ஒதுங்கிக் கிடக்கும். விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் கரையோரப் புல்லுக்கு இரை தேடி வரும். மேல்நாட்டார் இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சியை ஏரியில் வீசி மீன் பிடிப்பார்கள். இங்கே நாம் ரப்பர் தவளையை வீசி, நீர்மேல் துள்ளத் துள்ள இழுக்கிறோம். இரண்டும் ஒரே தந்திரந்தான்.

சில நேரம் தண்ணீரின் மேல் ஓரிடம் மட்டும் கொதிப்பதுபோல் சலசலக்கும். உற்றுப் பார்த்தால் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் காற்றுக் குடிக்க வந்திருக்கும். கீழே பெரிய மீன் காவல் நிற்கும். அங்கே தூண்டில் போட்டால் மீன் நிச்சயம் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த மீன் பசியால் கடிக்கவில்லை. பிள்ளையைக் காக்கப் பாய்கிறது. அதைத் தூக்கிவிட்டால், காவலற்ற குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். ஒரு வேளைக் குழம்புக்காக ஒரு தலைமுறையையே இழக்கலாமா? குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் வேறு இடம் பாருங்கள். மருந்து கலப்பதும் மின்சாரம் பாய்ச்சுவதும் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம்.

இனிக் குட்டையின் குணம். ஆற்றங்கரைபோல் இது மெல்ல மெல்ல ஆழமாகாது. காலடியில் மணல் இருக்கும். அடுத்த எட்டில் ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும். கரைமணலின் அடிப்பாகத்தைத் தண்ணீர் அரித்திருந்தால், நிற்பவரோடு கரையே சரியும். சில இடங்களில் மேலே காய்ந்த தரைபோல் தெரியும். கீழே இடுப்பளவு சேறு கிடக்கும். ஆகவே விளிம்பிலிருந்து நாலடி தள்ளியே நில்லுங்கள். தூண்டில் சிக்கிக்கொண்டால் நூலை அறுத்துவிடுங்கள். அதை எடுக்க இறங்காதீர்கள். பிள்ளைகளைத் தனியே அனுப்பவே கூடாது.

யாராவது விழுந்துவிட்டால், நீங்களும் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரையும் சேர்த்து இரண்டு உயிர் போகக்கூடும். கயிறு, நீண்ட மூங்கில், மூடியிட்ட காலிப் பிளாஸ்டிக் தோம்பு, இவற்றில் ஒன்றை எட்டிப் போடுங்கள். உடனே 999-ஐ அழையுங்கள். அடுத்த முறை போகும்போது தூண்டிலோடு ஒரு கயிற்றையும் காலித் தோம்பையும் எடுத்துச் செல்லுங்கள்.

தன் குஞ்சுகளை விட்டு நகராமல் காவல் நிற்கிறது விரால். கரையில் நிற்கும் நாமும் நம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் காவல் நிற்க வேண்டும்.