வியா மக்வேதாவில் ஒரு இரவின் விலை

(பலெர்மோவில் நடந்த வீட்டுரிமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அதிகம் மாற்றப்படவில்லை.)



லண்டன், பாரிஸ், டொரொன்டோவில் இருந்து வந்திருக்கிற தோழர்கள் எல்லாரும் வியா மக்வேதாவால நடந்துதான் இங்க வந்திருப்பீர்கள். ஸ்டேசனில தொடங்கி தியாத்ரோ மாஸ்ஸிமோ பக்கம் போற தெரு. 1600 அளவில் ஸ்பானிய ஆளுநர் ஒருவர், மக்வேதா பிரபு, பழைய நகரத்தைக் குறுக்கே வெட்டி இதைப் போட்டார். அதால அவரின்ர பேர். இன்றைக்கு அதை வெட்டுறது வேறொன்று: ஒரு இரவுக்கு இவ்வளவு என்கிற அறை வாடகை. அதைப் பற்றித்தான் கதைக்கப் போறன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1943இல் நேசநாடுகளின் குண்டு இந்தப் பழைய நகரத்தில் விழுந்தது. பிறகு ஐம்பதுகள், அறுபதுகளில் அரசியலும் மாஃபியாவும் சேர்ந்து நகருக்கு வெளியே கொங்கிரீட் கட்டிடங்களாகக் கட்டித் தள்ளின. 1968 நிலநடுக்கத்தோட இன்னும் கன சனம் வெளியேறியது. நடுநகரம் இடிந்துபோய்க் கிடந்தது. ஒருவருக்கும் வேண்டாத அந்த வீடுகளுக்குள்ளதான் எண்பதுகளில் இருந்து எங்கட ஆக்கள் வந்து குடியேறினவை. பக்கத்தில வங்காளதேசத்தவர், கானாக்காரர், துனீசியர். கூரை ஒழுகிற வீட்டில் வாடகை கட்டி, பல்லாரோ சந்தையில மீனும் மரக்கறியும் வாங்கி, வீட்டு வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் போய் வந்து, அந்தத் தெருக்களில விளக்கு எரிய வைத்தது நாங்கள்.

2015இல் அரபு-நோர்மன் பலெர்மோ யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2018ஆம் ஆண்டுக்கான இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகரம் என்று அறிவித்தார்கள். மனிஃபெஸ்தா கலைவிழாவும் அதே ஆண்டுதான். மலிவு விமானங்கள் வந்தன. மக்வேதா தெருவில் கார் நிறுத்தப்பட்டு, மேசை கதிரை வந்தது. சுற்றுலா விளம்பரத்தில் என்ன போடுகினம்? "பல்பண்பாட்டுச் சந்தை", "மணம் வீசும் தெருக்கள்". அந்த மணம் எங்கட அடுப்பிலயிருந்து வாறது. விளம்பரத்தில நாங்கள் இருக்கிறம். வாடகை ஒப்பந்தத்தில இல்லை.

இது ஏன் நடக்குது என்று விளங்க, வீட்டுக்காரர் போடுற கணக்கை நாங்களும் போட்டுப் பாப்பம். இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. இரண்டு அறை வீடு, குடும்பத்துக்கு மாதம் 450 யூரோவுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார். மாநகரத்தில் ஒத்துக்கொண்ட வாடகை அளவுக்குள் கொடுத்தால் வரி 10 வீதம்தான். கையில 405. அதே வீட்டை எயார்பிஎன்பியிலயோ புக்கிங்கிலயோ போடுறார். இரவுக்கு 70 யூரோ. மாதத்தில் 16 இரவு நிரம்பினாலே 1,120. தரகு, துப்புரவு, மின்சாரம் எல்லாம் 400 என்று வைப்பம். வரி 21 வீதம், 235. மிச்சம் 485.

பாதி மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலும், இரண்டு மடங்கு வரி கட்டினாலும், குடும்பத்தை வைத்திருக்கிறதை விட அது லாபம். இரவு விலை 70இல் இருந்து 90 ஆனால் என்ன? செலவு கொஞ்சம் கூடினாலும் அவருக்கு மாதம் 200 யூரோவுக்கு மேல் கூடுது. குடும்பத்திட்ட அப்படிக் கேட்க முடியாது. 3+2 ஒப்பந்தத்தில் வாடகை ஆண்டுக்கணக்கில் நிக்கும். அறை விலையோ ஒவ்வொரு நாளும் மாறும். ஜூலை 14 இரவு சந்தா ரொசாலியா தேர் வாற நேரம் ஒரு விலை, நொவெம்பர் மழையில் இன்னொரு விலை. பக்கத்து வீடுகள் எவ்வளவு நிரம்பிச்சு என்று பார்த்து மென்பொருளே விலையைக் கூட்டிக் குறைக்கும். ஆகக் கூடின அந்த ஜூலை விலைதான் வீட்டுக்காரரின் மண்டைக்குள்ள நிக்குது.

சட்டமும் அந்தப் பக்கம்தான் சாயுது. 1998இன் 431ஆம் இலக்கச் சட்டம் குடியிருக்கிறவருக்குக் குறைந்தபட்சக் காலத்தையும், ஆறு மாத முன்னறிவித்தலையும் கொடுக்குது. சுற்றுலாவுக்கு மட்டும் கொடுக்கிற வீட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2024இல் இருந்து இரண்டாவது வீட்டுக்கு வரி 26 வீதமாக ஏறியது. 2025 ஜனவரி முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய அடையாள எண் கட்டாயம். நல்ல விசயம்தான். ஆனால் எண் கொடுக்கிறது எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திறது இல்லை.

எங்களுக்கு வீடு என்பது தலைக்கு மேல கூரை மட்டும் இல்லை. பதிந்த ஒப்பந்தம் இல்லாட்டி வதிவிடப் பதிவு சிக்கல். அது சிக்கலானால் சொஜோர்னோ புதுப்பிக்கிறதும் இழுபடும். ஊரில் இருக்கிற மனுசியையோ பிள்ளையையோ கூப்பிட, வீடு போதுமான அளவு என்று நகரசபைச் சான்றிதழ் வேணும். ஆகவே வீட்டுக்காரர் "ஒக்டோபரில இருந்து மே வரைக்கும்தான் தருவன், கோடையில வெளிக்கிட வேணும்" என்று சொன்னால், அவர் எடுத்துக்கொள்ளுறது நாலு மாத அறையை மட்டும் இல்லை. ஒரு குடும்பம் ஒன்றுசேருற நாளையும்தான்.

அந்த அறைகளைத் துப்புரவு செய்யிறது ஆர்? எங்கட அன்ரிமார். பதினொரு மணிக்கு ஒரு ஆள் போக, மூன்று மணிக்கு அடுத்த ஆள் வர, இடையில நாலு மணித்தியாலத்தில மூன்று வீடு. பலருக்கு மணிக்கணக்கு இல்லை, அறைக்கணக்கு. வீட்டு வேலைக்காவது தேசியக் கூட்டு ஒப்பந்தமும் ஓய்வூதியப் பங்களிப்பும் உண்டு. இது கனபேருக்குக் கைக்காசு. கடதாசியில இல்லாத வேலை. தாங்கள் வெளியேற்றப்பட்ட தெருவிலேயே மெத்தை விரிக்கப் போகினம்.

இப்ப ஒரு கசப்பான விசயம். வீடு வாங்கின எங்கட ஆக்களும் அறையைச் சுற்றுலாவுக்குப் போட யோசிக்கினம். அவையைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. முப்பது வருசம் அடுத்தவரின் வீடு கழுவின காசு அது. ஆனால் இன்னொரு தமிழ்க் குடும்பத்தை எழுப்பிப்போட்டு அதைச் செய்தால், "எங்கட சமூகம்" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? நிலம் பறிபோறதைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990இல் சனத்தை எழுப்பின வலிகாமம் வடக்கில், காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் "தல்செவன" என்று ஹோட்டல் நடத்தியது. அங்கே துவக்கு, இங்கே விலைப்பட்டியல். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வெறுமையாக்கின இடத்தில் விருந்தாளிக்குக் கட்டில் போடுறது என்ற வேலை ஒன்றுதான்.

இதை நிறுத்தேலாதா? பார்சலோனா மாநகரம் தன்ர 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களை 2028 நொவெம்பருக்குப் பிறகு புதுப்பிக்கிறதில்லை என்று 2024இல் அறிவித்தது. அது ஒரு மேயரின் நல்ல மனசால வரவில்லை. பல ஆண்டு தெருப் போராட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புது விதிப்படி 2026 மே 20 முதல் தளங்கள் தரவுகளை அதிகாரிகளுக்குக் கொடுக்க வேணும். தரவு இல்லை என்ற சாட்டு இனிச் சரிவராது.

இந்தத் தெருவுக்கே ஒரு பாடம் இருக்கு. 2016 ஏப்ரலில் இங்க ஒரு காம்பிய இளைஞரைத் தலையில் சுட்டார்கள், உயிர் தப்பினார். அதே ஆண்டு, மக்வேதாவில் கடை வைத்திருந்த, பெரும்பாலும் வங்காளதேசத்தவரான வணிகர்கள், தங்களிட்டக் கப்பம் வாங்கினவர்களுக்கு எதிராக வாய் திறந்தார்கள். அத்தியோபிற்சோ அமைப்பு கூட நின்றது. மே மாதம் கைதுகள் நடந்தன. தனியாக ஒருவர் சொல்லியிருந்தால் கடை எரிந்திருக்கும். சேர்ந்து சொன்னதால சொல்ல முடிஞ்சது.

ஆகவே மூன்று வேலை. ஒன்று: வீட்டை விடச் சொல்லிக் கடிதம் வந்தால் கையெழுத்து வைக்காதேயுங்கோ, சுனியா போன்ற வாடகைக்காரர் சங்கத்துக்குப் போங்கோ. இத்தாலியன் தெரிஞ்ச பிள்ளையள் கூடப் போகவேணும். இரண்டு: துப்புரவு வேலை செய்யிற அம்மாமார் திகதி, நேரம், முகவரி மூன்றையும் ஒரு கொப்பியில எழுதி வைக்கட்டும். வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி. மூன்று: எந்தக் கட்டிடத்தில எத்தனை குடும்பம் எழும்பிச்சு, எத்தனை சாவிப்பெட்டி தொங்குது என்று தெருத் தெருவாக ஒரு பட்டியல். அதை வங்காளதேச, கானா, சிசிலிய அயலவரோட சேர்ந்து எடுத்து நகரசபைக்குக் கொண்டுபோவம்.

வெளியில இருந்து வந்த தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கலியாணத்துக்கோ கூட்டத்துக்கோ வரேக்க, மலிவாக இருக்கென்று மக்வேதாவில் முழு வீடு புக் பண்ண முதல் எங்களுக்கு ஒரு செய்தி போடுங்கோ. எங்கட வீட்டில பாய் இருக்கு.

பட்டியல் எடுக்கிற வேலை வாற ஞாயிறு காலை பத்து மணிக்கு. குவாத்ரோ கான்ரியில் சந்திப்பம். கொப்பியும் பேனையும் கொண்டு வாங்கோ.