வாளையார் தாண்டிப் பெட்ரோல் போடுவது லாபமா?

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கல்பாத்தித் தேருக்குப் பல ஊர்களிலிருந்தும் காரிலேயே வருகிறீர்கள். தேர் முடிந்தால் மூணாறு, தேக்கடி என்று ஒரு சுற்று. அதனால்தான் பெட்ரோல் சிக்கனம் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில், எல்லோரும் கேட்கும் கேள்வி. வாளையார் தாண்டித் தமிழ்நாட்டில் பெட்ரோல் போட்டால் லாபமா? 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளம் 2 ரூபாய் செஸ் போட்டது. இவை இரண்டுமே 5 ரூபாய். 30 லிட்டருக்கு 150 ரூபாய் மிச்சம். ஆனால் அதற்கென்றே பாலக்காட்டிலிருந்து போய்வர 40 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டியானால் இரண்டரை லிட்டருக்கு மேல் செலவு. அதுவே 250 ரூபாய், டோல் தனி! கோயம்புத்தூரில் வேறு காரியம் இருந்தால் நிரப்பிக்கொண்டு வாருங்கள். குமுளிக்காரர்களுக்குக் கம்பம் போகும்போதும் இதே கணக்குதான்.

உண்மையான மிச்சம் நம் காலடியில் இருக்கிறது. வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். வாளையாரிலிருந்து வருகிறவர்களுக்கு அது எதிர்க்காற்று. அப்போது நிதானம் இன்னும் அவசியம்.

டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். குடும்பத்தோடும் பெட்டிகளோடும் கிளம்பும்போது எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் பக்கக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வையுங்கள். வேலையில்லாதபோது கூரைமேல் இருக்கும் கேரியரைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாகவோ, போடிமெட்டு வழியாகவோ இறங்கும்போது, எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி சில மிதிகளில் தீர்ந்து, மிதி கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை, இதில் மிச்சமும் கிடையாது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் பெட்ரோல் தானாகவே நின்றுவிடும். எஞ்சின் ஓடும்போது நியூட்ரலில் விட்டால்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது பத்திரத்துக்கும் சரி, பர்சுக்கும் சரி.

குழந்தைகள் வண்டி எடுக்கும்போது இந்த ஒன்றையாவது சொல்லிக் கொடுங்கள். எல்லோரும் க்ஷேமமாக ஊர் போய்ச் சேர வேண்டும்.